பதினான்காம் அட்டையில் ஒரு திருத்தம்

மேல் டிவிஷன், ஏலத்தோட்டம்
18 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

முத்துப்பிரியா எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உங்கள் காதும் அத்தையின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடுதாசி என்று கேட்பீர்கள். எங்கள் டிவிஷனில் சிக்னல் வேண்டுமென்றால் காய் உலர்த்துகிற ஸ்டோர் மேட்டுக்கு ஏற வேண்டும். மூச்சு வாங்க ஏறி நின்று பேசினால், நீங்கள் கேட்காத காதில் போனை வைத்துக்கொண்டு "ஆங்? ஆங்?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு அத்தையிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் பிரபுவின் ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன். தினமும் தேவாரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே வருகிறவன்தானே, அவனுக்கு இது ஒரு பாரமில்லை.

விஷயம் இதுதான். எங்கள் வாசிப்பு வட்டத்து ஆசிரியர்கள் சேர்ந்து போன வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வாசிப்பு அட்டைகள் போட்டார்களே, மலையிலும் அடிவாரத்திலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்காக. அதை மறுபடி அச்சடிக்கப் போகிறோம். அதற்கு முன்னால் தப்புகளைத் திருத்துகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். தை மாதம் அச்சுக்குப் போகும்.

எழுத்துப் பிழையென்றால் அரை நாளில் முடித்திருப்பேன். இது வேறு மாதிரி. நான்காம் அட்டையில் ஓர் அம்மா ஏணி வைத்து ஏறி ஏலக்காய் பறிக்கிறாள். படம் போட்டவர் மதுரைக்காரர். ஏலக்காயும் மாங்காய் மாதிரி கிளையில் தொங்கும் என்று நினைத்துவிட்டார். தூரில், தரையோடு தரையாகக் காய்ப்பதை நாளெல்லாம் குத்தவைத்துப் பறிக்கிறவர்களின் பிள்ளைகளிடம் அதைக் காட்டினேன். ஒரு பீரியடு முழுக்கச் சிரித்தார்கள். ஒன்பதாம் அட்டையில் ‘சூரியன் மலைக்குப் பின்னால் உதித்தது’ என்று இருக்கிறது. அது சரியா தப்பா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதினான்காம் அட்டை உங்களுடையது. உங்களிடம் இருக்கிற பிரதியைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக அம்மா சொன்னாள். இருந்தாலும் அப்படியே எழுதுகிறேன்.

‘யானை விரட்டிய தங்கபாண்டி. தேவாரம் அருகே ஒரு தோட்டம். தோட்டத்தில் வாழை. ஒரு நாள் மாலை யானை வந்தது. தங்கபாண்டி பயப்படவில்லை. டார்ச் விளக்கை யானையின் கண்ணில் அடித்தார். தகரத்தைத் தட்டினார். போ, போ என்று கத்தினார். யானை ஓடியது. ஊரே கைதட்டியது.’

கீழே இரண்டு கேள்விகள். யார் பயப்படவில்லை? நீ யானையைப் பார்த்தால் என்ன செய்வாய்?

எழுதியது எங்கள் வட்டத்து முத்துக்கண்ணன் சார். அவர் உங்களிடம் கேட்டு எழுதினாரா, ஊரில் கேட்டு எழுதினாரா என்று தெரியவில்லை. அன்றைக்கு நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் சரிபார்த்துக்கொள்வேன். அவசரமில்லை.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
முத்துப்பிரியா


தேவாரம்
29 ஜூன் 2024

மருமகள் முத்துப்பிரியாவுக்கு மாமன் தங்கபாண்டியின் ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அத்தையும் சுகம். காது போன மாதம் போலவேதான். முழங்கால் ஏகாதசிக்கு ஒரு தடவை வலிக்கிறது, மற்ற நாளில் என்னைத் திட்டுவதற்கு ஓடி வருகிறது.

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். சட்டம் போட்டது உண்மைதான். நான் போடவில்லை, சோணை போட்டுக் கொடுத்தான். நம் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரன், உனக்குத் தெரியும். டீக்கடையில் என்னை ‘யானை அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறான். இப்போது ஊரே அப்படிக் கூப்பிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆகஸ்டு பதினைந்துக்கு என்னைக் கொடி ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றேன், விடவில்லை.

உன் சந்தேகங்களுக்கு வருகிறேன். சூரியன் மலைக்குப் பின்னால் உதிப்பது பெரிய தப்பு. மலை நமக்கு மேற்கே. சூரியன் அங்கே போய் விழும். உதிப்பது சின்னமனூர்ப் பக்கம். இதைக் கட்டாயம் திருத்து. நம் பிள்ளைகள் மலையைப் பார்த்துக் கிழக்கு என்றால் வெளியூரில் வழி தவறிவிடுவார்கள்.

என் அட்டையில் படத்தில் கரும்பு போட்டிருக்கிறது. நான் கரும்பு போட்டதே இல்லை. வாழை என்று எழுதிவிட்டுக் கரும்பு வரைவது என்ன பழக்கம்? மீசையும் அவ்வளவு பெரிதாக எனக்கு இல்லை. ஆனால் அது இருந்துவிட்டுப் போகட்டும், பார்க்க நன்றாக இருக்கிறது. மற்றபடி உள்ளது சரிதான்.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். என் காதைப் பார்த்தாவது புத்தி வரட்டும்.

மாமன்
தங்கபாண்டி


மேல் டிவிஷன்
11 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. துணி காய்ந்து ஒரு வாரம் ஆகிறது. இருமல் எதுவும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். அத்தையின் ஏகாதசி வலிக்குத் தைலம் ஒன்று பிரபுவிடம் கொடுத்திருக்கிறேன்.

கரும்பைத் திருத்தச் சொல்லிவிட்டேன். சூரியன் கதை கேளுங்கள். நீங்கள் எழுதியதை நம்பி, ‘மலைக்குப் பின்னால் மறைந்தது’ என்று மாற்றி வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இங்கே சுற்றிலும் மலை மாமா. காலையில் ஒரு மலைக்குப் பின்னால் வருகிறது, சாயங்காலம் இன்னொரு மலைக்குப் பின்னால் போகிறது. உங்கள் ஊருக்குத் திருத்தினால் எங்கள் ஊருக்குத் தப்பாகிறது. கடைசியில் அந்த வரியை எடுத்துவிட்டு, ‘உன் ஊரில் சூரியன் எங்கிருந்து வருகிறது? போய்ப் பார்த்து வந்து சொல்’ என்று போட்டுவிட்டேன்.

உங்கள் அட்டையில் இன்னும் இரண்டு சந்தேகம். எழுத்தில் தகரம் என்றிருக்கிறது, படத்தில் மேளம் மாதிரி ஏதோ இருக்கிறது. எது சரி? யானை உங்களுக்கு எவ்வளவு தூரத்தில் நின்றது? போன வாரம் வனத்துறை வாட்சர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசினார். "யானையக் கண்டா கிட்ட போகாதீங்க, டார்ச் அடிக்காதீங்க, கத்தாதீங்க, வீட்டுக்குள்ள இருங்க" என்றார். பிள்ளைகள் எழுந்து, அட்டையில் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் நடந்ததைக் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

உங்கள்
முத்துப்பிரியா


தேவாரம்
6 ஆகஸ்டு 2024

மருமகளுக்கு மாமன் எழுதுவது. யாவரும் சுகம். தைலம் வந்தது. உன் அத்தை அதை முழங்காலுக்குப் போடாமல் தலைக்குத் தேய்த்துக்கொண்டு நன்றாகத் தூங்குகிறாள்.

பதில் எழுத நாளாகிவிட்டது. தோட்டத்தில் சோலி அதிகம். மும்முனைக் கரண்டு வருகிற நேரம் தெரியாமல் மோட்டார் ரூமிலேயே காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. வாழை இந்தத் தடவை நன்றாகக் குலை தள்ளியிருக்கிறது. காற்றுக்கு முட்டுக் கொடுத்தாகிவிட்டது. உன் அம்மா போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலையை விட்டுவிடப் போகிறேன் என்கிறாள், நீ என்ன சொல்கிறாய்? மதுரைக்கு ரயிலில் போய்க் காது டாக்டரைப் பார்க்கச் சொல்கிறான் சோணை. கேட்காத காதுக்கு டாக்டர் என்ன செய்வார்?

தகரம்தான். மேளம் என்றால் நான் என்ன சாமியாட்டத்துக்கா போனேன்?

அந்த வாட்சர் சொன்னதைக் கேட்டால் தோட்டத்தை யானை பேருக்கே எழுதிவைத்துவிட வேண்டியதுதான். வருஷம் முழுக்கப் பாடுபட்டவனுக்குத்தான் வயிறு எரியும். வீட்டுக்குள் உட்காருங்கள் என்று சொல்ல யாராலும் முடியும்.

நீ அதிகமாக யோசிக்கிறாய். சின்னப் பிள்ளைகள் வாசிக்கிற அட்டை. வாசித்தார்களா, எழுத்துக் கூட்டத் தெரிந்ததா, அதோடு விடு.

பழம் ஒரு சீப்புக் கொடுத்துவிட்டிருக்கிறேன். பிரபு வழியில் தின்றுவிடாமல் எண்ணி வாங்கிக்கொள்.

மாமன்
தங்கபாண்டி


மேல் டிவிஷன்
3 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பழம் வந்தது. கொடி ஏற்றிய போட்டோவை அம்மா அனுப்பியிருந்தாள், ஸ்டோர் மேட்டில் ஏறிப் பார்த்தேன்.

போன வியாழக்கிழமை இங்கே ஒன்று நடந்துவிட்டது.

என் வகுப்பில் கார்முகில் என்று ஒரு பிள்ளை. அவள் அம்மா குருவம்மாள் தோட்டத்தில் காய் பறிக்கிறவள். சாயங்காலம் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருக்கிற பலாமரத்துக்கு ஒற்றை யானை வந்திருக்கிறது. லயத்தில் எல்லாரும் கதவைச் சாத்திவிட்டார்கள். கார்முகில் மாடத்தில் இருந்த டார்ச்சையும் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். யானையின் முகத்துக்கு நேராக டார்ச் அடித்துத் தட்டைத் தட்டி, "போ, போ" என்று கத்தியிருக்கிறாள்.

யானை பலாப்பழத்தை விட்டுவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்ததாம். குருவம்மாள் ஓடிப்போய்ப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்ததில், மழைக்கு வழுக்குகிற படியில் விழுந்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. குருவம்மாளுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பறிப்புத் தொடங்குகிற நேரம். கட்டுப் போட்ட கையோடு லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். யானை தானாகக் காட்டுக்குள் போய்விட்டது. அது ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கார்முகிலைக் கேட்டேன். "தங்கபாண்டித் தாத்தா அடிச்சா ஓடுச்சுல்ல டீச்சரே, நான் அடிச்சா ஓடாதா?" என்றாள்.

அதற்கு முந்தின வாரம் அந்த அட்டையை நாடகமாக நடிக்க வைத்தது நான்தான். தட்டும் கரண்டியும் என் ஏற்பாடு. தங்கபாண்டியாக நடித்தவள் அவள். நன்றாக நடித்தாள் என்று எல்லாரையும் கைதட்டவும் சொன்னேன். வாட்சர் வந்து சொன்ன பிறகும் இதைச் செய்திருக்கிறேன். மாமா எழுதியது சரிதான், நாம் அதிகமாக யோசிக்கிறோம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இனி தகரமா மேளமா என்று கேட்கமாட்டேன். பதினான்காம் அட்டையை வகுப்பிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் மற்றப் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. மறு அச்சில் அது இப்படியே வரக்கூடாது. ஒன்று, அட்டையை மொத்தமாக எடுத்துவிடலாம். உங்கள் பெயரும் போய்விடும். இல்லையென்றால் திருத்தலாம். திருத்த வேண்டுமென்றால் அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்
முத்துப்பிரியா


மேல் டிவிஷன்
9 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். ஒரு மாதமாக உங்களிடமிருந்து வரியில்லை. கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாகப் பிரபு சொல்கிறான். "வாங்கிச் சட்டப்பையில வச்சுக்கிட்டாரு அக்கா" என்றான்.

உடம்புக்கு ஏதாவதா? கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதுங்கள். திட்டு வாங்கினாலும் மனசு ஆறும்.

குருவம்மாளுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. விரல் இன்னும் மடங்கவில்லை.

உங்கள்
முத்துப்பிரியா


தேவாரம்
19 அக்டோபர் 2024

பிரியா ஆத்தாவுக்கு அத்தை மாயக்கா எழுதுறது. நல்லாருக்கியா தாயி. நான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவ, பேசுற மாதிரித்தான் எனக்கு எழுத வரும். சிரிக்காம படி.

மாமாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒழுங்காச் சாப்புடுறதில்ல, அவ்வளவுதான். ஓங் கடுதாசியச் சட்டப்பையில வச்சபடியே தொவைக்கப் போட்டுட்டாரு. நான் நனஞ்சத எடுத்து வெயில்ல காயவச்சேன். காயவச்சவ படிக்காம இருப்பேனா. படிச்சுட்டேன். அந்தப் புள்ளயப் பெத்தவ கையி எப்படி இருக்கு? அவ வீட்டுல சோறு யாரு பொங்குறா? எனக்கு அதே நெனப்பா இருக்கு.

மாமா இப்ப டீக்கடப் பக்கமே போறதில்ல. சோணை வாசல்ல வந்து யானை அண்ணேன்னு கூப்புட்டா, இல்லன்னு சொல்லுன்னு உள்ள இருந்துக்கிட்டே எனக்குச் சைகை காட்டுறாரு. செவத்துல மாட்டுன அட்டையக் காணோம். கேட்டா, ஆணி ஆடுது, கழட்டி வச்சேங்கிறாரு.

ஒண்ணு சொல்றேன், ஒன்னோட வச்சுக்க. அன்னைக்கு அவரு கட்டியிருந்த வேட்டியத் தொவச்சவ நான். என்ன நடந்துச்சுன்னு எனக்கு யாரும் வந்து சொல்ல வேணாம். நான் கேக்கவும் இல்ல, அவரு சொல்லவும் இல்ல. ஆளு முழுசா வீடு வந்து சேந்துச்சு, அது போதும்னு விட்டுட்டேன். ஊரு ஒண்ணு சொல்லுச்சு, அவருக்கும் அது சந்தோசமா இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். ஒரு புள்ள டார்ச்சத் தூக்கிட்டுப் போவும்னு யாரு கண்டா?

அவரு வாயாலயே வரும். நீ வெரட்டாத. தீவாளிக்கு வா, அதிரசம் சுட்டு வைக்கிறேன்.

அத்தை
மாயக்காள்


மேல் டிவிஷன்
6 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஊரிலிருந்து சௌகரியமாக வந்து சேர்ந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பனி, பிரபு விளக்கைப் போட்டுக்கொண்டே ஏறினான். அத்தையின் அதிரசம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த வேகத்தில் காலியாகிவிட்டது.

தீபாவளி அன்றைக்கு என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனீர்கள். வாழையைக் காட்டினீர்கள், சொட்டுநீர்க் குழாயைக் காட்டினீர்கள். யானை என்ற வார்த்தையை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கேட்கக்கூடாது என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன்.

மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். கதவு பழசு, தகரம் அங்கங்கே பெயர்ந்திருக்கிறது. உள்பக்கம் மட்டும் புதுத் தாழ்ப்பாள் இருந்தது, நல்ல கனமான இரும்பில். திருடனுக்காக என்றால் வெளியே பூட்டுவார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டதற்குக் காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "வா, வெயில் ஏறுது" என்றீர்கள்.

மாமா, எனக்கு நீங்கள் வீரராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கு வேறு தாய்மாமனும் இல்லை. இதைச் சொல்லத்தான் எழுதினேன். மற்றதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். தை வரைக்கும் நேரம் இருக்கிறது.

உங்கள்
முத்துப்பிரியா


தேவாரம்
12 டிசம்பர் 2024

மருமகளுக்கு மாமன் எழுதுவது. சுகம். நீ சுகமாக இருப்பது பிரபு சொல்லித் தெரியும்.

இத்தனை மாதமாக உனக்குக் கரும்பையும் சூரியனையும் எழுதிக்கொண்டிருந்தேன். நீ கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மேலே வந்தேன். நீ போடிக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போகிற நாள் என்று பிரபுவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்தேன். லயத்தில் குருவம்மாள் வீட்டைக் கேட்டுப் போனேன். அந்தப் பெண் இடது கையால் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டாள். டீச்சருக்குச் சொந்தக்காரன், பெயர் தங்கபாண்டி என்றேன். உட்காரச் சொல்லிப் பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தாள்.

பிள்ளை வந்து என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "நீங்க அந்தத் தாத்தா இல்ல" என்றது. ஏன் என்றேன். "அவருக்கு மீச பெருசு. அவரு பயப்பட மாட்டாரு. நீங்க எங்க நாய்க்கே பயந்தீங்க" என்றது. ஆமாம்மா, அவர் வேற ஆள் என்று சொல்லிவிட்டேன். ஜீப்பில் இறங்கி வருகிற வழி முழுக்க அதுவே மனசில் ஓடியது. அந்த வேற ஆளை நம்பித்தானே அது வெளியே போனது.

நடந்ததை எழுதுகிறேன். அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம், மோட்டார் போடப் போனேன். எனக்குக் காது சரியாகக் கேட்காது, உனக்குத் தெரியும். திரும்பினால் வாழைக்கு நடுவில் நிற்கிறது. நம் வீட்டு வாசலுக்கும் தெருக்குழாய்க்கும் உள்ள தூரம்தான். டார்ச் இடுப்பில் இருந்தது. அதை எடுக்கவில்லை. ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே அப்போது தாழ்ப்பாள் கிடையாது. கதவில் முதுகைக் கொடுத்து, மோட்டார்த் திண்டில் காலை உதைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது போய்விட்டதா நிற்கிறதா என்று மற்றவனாக இருந்தால் சத்தத்தை வைத்துச் சொல்வான். நான் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை அது சுவரில் உரசியது. சுவர் என் கைக்குள் ஆடியது. அப்போது எனக்கு என்ன ஆயிற்று என்பது உன் அத்தைக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவள் இதுவரைக்கும் கேட்கவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

ஆள் வரவில்லை என்று உன் அத்தை சோணையை அனுப்பினாள். நாலு பேர் டிராக்டரில் வந்தார்கள். அதற்குள் யானை போய்விட்டது. நான் வெளியே வந்தபோது கூரைத் தகரம் ஒன்று வழியில் கிடந்தது, அதை எடுத்து ஓரமாக வைத்தேன். கையில் தகரத்தோடு என்னைப் பார்த்தவன் சோணைதான். "வெரட்டிட்டியாண்ணே!" என்றான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில் கேட்டால் கதை நான் செய்யாததை எல்லாம் செய்திருந்தது. கேட்க நன்றாக இருந்தது தாயி. அறுபது வயசுக்கு என்னை யாரும் அப்படிப் பேசினதில்லை.

அட்டையை எடுத்துவிடாதே. எடுத்தால், வாசித்த பிள்ளைகளுக்குப் பழசே மனசில் நிற்கும். திருத்து. நான் எழுதிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புக்குத் தகுந்ததா என்று நீ பார்த்துக்கொள்.

‘யானை வந்தது. தேவாரம் அருகே ஒரு தோட்டம். தோட்டத்தில் வாழை. ஒரு நாள் மாலை யானை வந்தது. தங்கபாண்டி பயந்தார். அவர் கிட்டப் போகவில்லை. டார்ச் அடிக்கவில்லை. கத்தவில்லை. அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். சத்தம் போடாமல் உட்கார்ந்தார். யானை வாழையைத் தின்றது. யானை போனது. தங்கபாண்டி வீட்டுக்கு வந்தார்.’

ஊரே கைதட்டியது என்பதை அடித்துவிடு. அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. உன் அத்தை சோறு போட்டாள், அவ்வளவுதான்.

மீசையையும் குறைக்கச் சொல். அந்தப் பிள்ளைக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

மாமன்
தங்கபாண்டி


தேவாரம்
28 ஜனவரி 2025

மருமகளுக்கு மாமனும் அத்தையும் எழுதுவது. பொங்கல் நல்லபடியாகப் போனது. நீ அனுப்பிய மாதிரி அட்டை வந்தது. மீசை இப்போது சரியாக இருக்கிறது. கொஞ்சம் நரை போட்டிருக்க வேண்டாம்.

ஊரில் தலைகாட்டாமல் இருந்ததால் குடியரசு தினத்துக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தேன். கூப்பிட்டார்கள். முன்னாடியே போய்ப் பெரிய டீச்சரிடம் அட்டையைக் கொடுத்து, இதைத்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மைக்கில் ஒரு பிள்ளை வாசித்தது. ‘தங்கபாண்டி பயந்தார்’ என்று வந்ததும் பின்னால் நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். சோணையும் சிரித்தான். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. உன் அத்தை பெண்கள் பக்கத்தில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் உட்கார்ந்துகொண்டேன்.

சின்னப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒன்று எழுந்து, "எப்படி உக்காந்தீங்க தாத்தா, உக்காந்து காட்டுங்க" என்றது. வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து சுவரில் கை வைத்துக் காட்டினேன். உடனே அத்தனை பிள்ளைகளும் சுவர் ஓரமாகப் போய் அதே மாதிரி உட்கார்ந்து கையை வைத்துக்கொண்டன. ஒரு சத்தம் இல்லை. கேட்கிற காதும் போய்விட்டதோ என்று நான் பயந்தே போனேன். பெரியவர்களும் அதற்குள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

சோணை நேற்று டீக்கடையில் ‘யானை அண்ணே’ என்று கூப்பிடவில்லை. மோட்டார் ரூமில் பார்த்திருப்பான் போல, ‘தாழ்ப்பாள் அண்ணே’ என்றான். பிறகு பக்கத்தில் வந்து, "அந்தத் தாப்பாள எங்கண்ணே வாங்குன? நம்ம ரூமுக்கும் ஒண்ணு போடணும்" என்று மெதுவாகக் கேட்டான். போடியில் கடை பெயரைச் சொன்னேன்.

குருவம்மாளுக்கு விரல் மடங்குகிறதா என்று எழுது.

மாமன்
தங்கபாண்டி


மேல் டிவிஷன்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நான் சுகம். பனி குறைந்துவிட்டது. குருவம்மாள் இரண்டு விரல் முழுதாக மடக்குகிறாள். இந்த வாரம் பாதி நாள் பறிப்புக்குப் போனாள்.

அச்சான அட்டைகள் நேற்று பிரபு ஜீப்பில் வந்தன. ஏலக்காய்க்காரி ஏணியை விட்டு இறங்கித் தரையில் குத்தவைத்திருக்கிறாள். பதினான்காம் அட்டையைக் கார்முகிலையே வாசிக்கச் சொன்னேன். வாசிப்பதற்கு முன்னால் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "டீச்சரே, இது எங்க வீட்டுக்கு வாழப்பழம் கொண்டாந்த தாத்தா" என்றாள். அவர்தான் தங்கபாண்டி என்றேன். "அப்ப அன்னைக்கு வேற ஆளுன்னு சொன்னாரு?" என்று கேட்டாள். அட்டையில் அப்போது தப்பாக இருந்தது, இப்போது திருத்திவிட்டார்கள் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கடைசி வரைக்கும் வாசித்தாள்.

கீழே இருக்கிற இரண்டாவது கேள்வியை நான் மாற்றவில்லை மாமா. நீ யானையைப் பார்த்தால் என்ன செய்வாய்? அதைக் கேட்டேன். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கதவைச் சாத்துவேன் என்றார்கள். கார்முகில் கொஞ்சம் யோசித்தாள்.

"மொதல்ல அம்மாவ உள்ள இழுப்பேன். அப்பறமா சாத்துவேன்" என்றாள்.

உங்கள்
முத்துப்பிரியா